இல்லாத தலைச்சுற்றல்

என் மனைவியின் கிரீன் கார்டைக் கெடுத்தவன் நான்தான். மறதியால் அல்ல, கவனக்குறைவால் அல்ல. வேண்டுமென்றே, வராத நோயை வந்ததாக நடித்துக் கெடுத்தேன்.

நீங்கள் என்னைப் பற்றி எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். நானே நல்லபடியாக நினைப்பதில்லை.

நாங்கள் வெகுகாலம் அமெரிக்காவில் இருந்தவர்கள். நான் அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிக்கொண்டேன். சுசீலா வாங்கவில்லை. "வீட்டுல ஒருத்தராவது இந்தியாக்காரரா இருக்கட்டுங்க. நாளைக்குத் திரும்பிப் போனா வேணாமா?" என்றாள். அது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. பெங்களூரில் வீடு, வங்கிக் கணக்கு, தொலைபேசி என எல்லாம் அவள் பெயரில் சுலபமாக முடிந்தன. பிறந்து வளர்ந்த ஊரில் நான் வெளிநாட்டுக்காரன் என்று போலீஸ் அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவளுக்கு அது இல்லை. மாறாக, அமெரிக்காவில் அவளுக்கு இருந்த உரிமை அந்த ஒரு கார்டுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு நிறுவனம் என்னை ஆலோசகராக அழைத்தது. கிளம்பிவிட்டேன். சுசீலா ஒரே நிபந்தனையுடன் உடன் வந்தாள். எங்கள் ஒரே மகள் வித்யா அங்கேயே தங்கிவிட்டாள்.

"அவளுக்கு ஒண்ணுன்னா நான் உடனே கிளம்பணும். என் கார்டு மட்டும் சாகக் கூடாது."

சத்தியம் செய்து கொடுத்தேன்!

கார்டைக் காப்பாற்றுவதற்கு வழி ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் ஓராண்டு முடிவதற்குள் அவள் அங்கே போய் இறங்கியாக வேண்டும். தவறினால், அங்கே வாழும் உரிமையைத் தானே விட்டுவிட்டதாகக் கொள்வார்கள். குடிமகனான எனக்கு அந்தக் கவலை கிடையாது.

ஆகவே ஆண்டுதோறும் போனாள். அப்போதெல்லாம் விமான நிலையம் எங்கள் தொம்மலூர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பெட்டி வெளியே வந்ததும் எதிர்வீட்டு லோகம்மா குரல் கொடுப்பார்: "இன்னா சுசீலாக்கா, கார்டுக்கு வருஷத் திதி வந்துருச்சா?"

"ஆமா லோகம்மா, படையல் போட்டுட்டு ஓடி வந்துடறேன்!"

இருவரும் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

இரண்டு வாரம் என்று போனவள் ஒரு மாதம் தங்கினாள். அடுத்த முறை இன்னும் அதிகம். நான் மெஸ்ஸில் இளைஞர்களோடு வரிசையில் நின்று தட்டு வாங்கினேன். விளக்கில்லாத வீட்டுக்குத் திரும்பினேன். ஆனால் என்னை அரித்தது பசியா? தனிமையா? இல்லை. திரும்பி வரும்போது அவள் முகத்தில் இருந்த தெளிவு! அங்கே தானே கார் ஓட்டுவாளாம், மகளோடு பாடிக்கொண்டே போவாளாம். நான் இல்லாமலும் அவள் மகிழ்ச்சியாக இருந்தாள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை... இவ்வளவுதான். இதற்குமேல் கௌரவமான காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

புதிய நூற்றாண்டு பிறந்திருந்த சமயம். வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வேலை இழுத்துக்கொண்டதால், அந்த முறை கெடு முடியும் தறுவாயில்தான் அவளுக்கு டிக்கெட் கிடைத்தது. கிளம்ப வேண்டிய அன்று காலை, குளியலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு, "சுசீலா... தலை சுத்துது" என்றேன். மெல்லச் சரிந்து உட்கார்ந்தேன்.

எவ்வளவு நன்றாகச் சரிந்தேன்!

அல்சூரிலிருந்து வந்த டாக்டர் என்னைப் புரட்டிப் பார்த்தார். "ஏனூ இல்லம்மா, எல்லாம் நார்மல். நீங்க ஆராமா கிளம்புங்க" என்றார் கன்னடம் கலந்த தமிழில். அந்த நேரம் பார்த்து நான் முனகினேன். சுசீலா போய்ப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

வாரக்கணக்கில் சுவரைத் தடவி நடந்தேன். அவள் என் கையைப் பிடித்துக் குளியலறைக்கு அழைத்துப் போனாள். தாழப் பறக்கும் விமானத்தின் இரைச்சல் கேட்கும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் பார்ப்பாள், பிறகு என் பக்கம். "நான் சிட்டிசன்தானே? எப்ப வேணாலும் உனக்குப் புதுசா வாங்கிடலாம்" என்றேன். அது எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

கெடு கடந்தது. எனக்கு உடம்பு தேறியது.

அதன்பின் வித்யாவின் அழைப்பு வந்தது. கருவுற்றிருந்தாள், படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். "எப்பம்மா வரே?"

சென்னைக்கு, விசா அலுவலகத்துக்கு ஓடினோம். அந்த அதிகாரி பொறுமையாகவே கேட்டார்: ஓராண்டுக்குள் திரும்ப முடியாமல் போனதற்கு, உங்கள் கையில் இல்லாத காரணம் ஏதாவது உண்டா? இருந்தால் கார்டுக்கு மறுபடி வழியுண்டு. சுசீலா என் நோயைச் சொன்னாள். அவர் டாக்டரின் தாள்களைப் பார்த்தார். எல்லாம் நார்மல். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அவள் கையில் இல்லாத காரணம், இஸ்திரி போட்ட சட்டையுடன் அவள் பக்கத்திலேயே நின்றிருந்தது! 'நான்தான் ஏமாற்றினேன், இவள் மீது குற்றமில்லை' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால்... ஒருவேளை...

"ஆமாம், உடம்பு சரியில்லை" என்று முணுமுணுத்தேன்.

முதல் பொய்யைக்கூட அச்சம் என்று சொல்லித் தப்பலாம். இதற்கு என்ன பெயர் வைப்பது? நீங்களே சொல்லுங்கள்.

விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். சுற்றுலா விசாவும் கிடைக்கவில்லை. மகளின் பிரசவத்துக்கு நான்தான் போனேன். என்னை யார் தடுப்பார்கள்? நான் குடிமகன்! கதவைத் திறந்த வித்யா என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அம்மா வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பார்த்தாள்.

அறுவை சிகிச்சை. தாயும் சேயும் பிழைத்தார்கள். சுசீலா பெங்களூரிலிருந்து தொலைபேசியில் சொல்லச் சொல்ல, நான் மிளகு ரசம் வைத்தேன். இடையில் குழந்தை அழுதது. "ரசம் கிடக்கட்டும். போனைக் குழந்தைகிட்ட வைங்க" என்றாள். வைத்தேன். குழந்தை அழுது ஓயும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஊர் திரும்பியதும் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"டாக்டர் அன்னிக்கே ஒண்ணுமில்லன்னு சொன்னாரு. நான் அவரை நம்பல. உங்களை நம்பினேன்."

மீண்டும் கீரையை ஆயத் தொடங்கினாள்.

அவள் பெயரில் புதிதாக விண்ணப்பித்தேன். வேலையை விட்டு அவளோடு அங்கேயே வந்துவிடுவதாகவும் சொன்னேன். "நீங்க வர வேணாம்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். காத்திருந்து, காத்திருந்து, கார்டு ஒருவழியாக வந்தது. போனாள். பேரன் அப்போது ஓடிக்கொண்டிருந்தான்.

இப்போது அவள் அங்கேதான் இருக்கிறாள். ஆண்டுக்கொரு முறை சில வாரங்களுக்கு இங்கே வந்து போகிறாள். கார்டுக்காக அங்கே போய்வந்தவள், இப்போது எதற்காக இங்கே வந்துபோகிறாள்? கேட்கும் துணிவு எனக்கில்லை. வந்தால் அரிசி, பருப்பு நிரப்பி வைக்கிறாள். என் மருந்துகளைச் சரிபார்க்கிறாள். விமான நிலையமும் இப்போது ஊருக்கு வெளியே எங்கோ போய்விட்டது.

சென்ற மாதம் கிளம்பும்போது, வாசலில் டாக்ஸி நின்றது. செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள்.

"தலை கிலை சுத்துதுன்னா இப்பவே சொல்லிடுங்க. டிரைவர் காத்திருக்காரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இந்த ஓராண்டாக எனக்கு உண்மையிலேயே தலை சுற்றுகிறது. அந்த நிமிடமும் சுற்றியது. வாசல் சாய்ந்தது, என் கை தானாகச் சுவரைத் தேடிப் போனது. அவள் பார்க்கும் முன் கையை இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஒண்ணுமில்ல. நீ கிளம்பு" என்றேன்.