நட்சத்திரத்தோடு சொன்ன பெயர்

விசாரணை ஆணையத்தில் சாட்சி சொல்பவரின் பெயர் வெளியே வராது என்று எங்கள் வீட்டில் அப்போது முழுமையாக நம்பினோம். ஆணையத்தை நடத்திய ஓய்வுபெற்ற நீதிபதியே தம்பிக்கு அப்படி வாக்குக் கொடுத்திருந்தார்.

தம்பி சென்னையில் ஒரு நிறுவனத்தின் சைக்கிள் பந்தய அணியில் சம்பளத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். பந்தயத்துக்கு முன் பயிற்சியாளர் போட்ட ஊக்க மருந்து ஊசியால், கூட ஓட்டிய ஒருவன் சாலையிலேயே விழுந்து இறந்தான். அதை விசாரிக்கத்தான் அந்த ஆணையம். ஊசி போட்டதைப் பார்த்தவன் தம்பி. சாட்சி நாள் வரும்வரை காஞ்சிபுரத்தில் எங்களோடு இருக்க வந்திருந்தான்.

ஒரு முற்பகலில், பட்டுப்புடவை வாங்க வந்ததாகச் சொல்லி ஒருவர் வந்தார். அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து புடவைகளை விரித்தார். வந்தவர் முந்தானையை விரலால் நீவிப் பார்த்தார், விலை கேட்கவில்லை.

"நல்லா நெய்றீங்க பெரியவரே. தறி மிதிக்கக் காலு ரெண்டும் வேணும் இல்ல? சைக்கிளுக்கும் அப்படித்தான். உங்க புள்ள சாட்சி சொல்லப் போறாராமே. பாத்துக்கங்க."

அவர் போனபின் அப்பா அன்று தறியில் உட்காரவில்லை. என் உள்ளங்கைகள் வேர்த்திருந்தன. பட்டில் கறை படியுமே என்று விரித்த புடவைகளை மடிக்காமல் நின்றேன்.

யாரிடமாவது சொன்னோமா என்று தம்பி எங்களை ஒவ்வொருவராகக் கேட்டான். அம்மாவின் முறை வந்தது.

"கோயில்ல ஒன் பேருக்கு அர்ச்சனை பண்ணேன்பா. பேரு, நட்சத்திரம் எல்லாம் சொன்னேன். இன்னா வேண்டுதல்னு குருக்கள் கேட்டாரு. புள்ள சாட்சி சொல்லப் போவுது, ஒரு கொறையும் வரக்கூடாதுன்னேன். சாமிகிட்ட எப்படிப்பா மறைக்கிறது?"

"சாமிகிட்ட சொல்லும்மா. பின்னாடி வரிசையில நிக்கிறவங்க எல்லாம் சாமியா?" என்று சிரிக்க முயன்றான்.

அப்பா ஆணையத்தின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். ஆவணங்களில் பெயரை மறைப்பதே தங்கள் பொறுப்பு, வீட்டுக்குக் காவல் போடத் தங்களுக்கு அதிகாரமில்லை, உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அங்கே எழுதிக் கொடுப்பதென்றால் பெயரைத்தான் முதலில் எழுத வேண்டும்.

அதன்பின் வாசல் கதவு பகலிலும் தாழிட்டே இருந்தது. தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அப்பா குறுக்கிழை ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடி தறியை நிறுத்திவிடுவார். வண்டி கடந்து போனதும்தான் அடுத்த இழை.

"போவாதன்னு சொன்னா கேக்க மாட்டியா?" என்றாள் அம்மா.

"செத்தவனோட அம்மா அங்க வந்து ஒக்காந்துக்கினு இருப்பாங்கம்மா."

தம்பி போய்ச் சாட்சி சொன்னான். அறிக்கையில் அவன் பெயர் இல்லை. ஆனால் அவன் வீடு திரும்பவில்லை. இப்போது வேறு மாநிலத்தில் சைக்கிள் பழுது பார்க்கிறான். எந்த ஊர் என்று எங்களிடமும் சொல்வதில்லை. அப்பா காலமாகிவிட்டார். வீட்டில் அம்மாவும் நானும் இருக்கிறோம்.