சாலையைக் கடக்க முயன்றவர்கள்

ஊரில் எல்லோரும் பேப்பரைப் படிக்க வாங்குவார்கள். நான் வெட்டுவதற்கு வாங்கினேன், அதற்குச் சம்பளமும் உண்டு. “என்ன வேலை பார்க்கிறீங்க?” என்று யாராவது கேட்டால் பேந்தப் பேந்த விழிக்கும் சக ஜீவன்களே, என் கதையைக் கேளுங்கள்.

செல்போன் தயாரிக்கும் கம்பெனிகள் வந்து இறங்கிய நேரம். சுங்குவார்சத்திரத்தில் பொது சுகாதாரத்துக்கான ஒரு சின்னச் சங்கத்தில் சேர்ந்தேன். அந்தக் கம்பெனிகளில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் இறங்கும் பெண்கள் நெடுஞ்சாலையைக் கடந்துதான் ரூமுக்குப் போக வேண்டும். விளக்கு கிடையாது. மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது அடிபட்டார்கள். அதைப் பத்திரிகைகள் எப்படி எழுதுகின்றன என்று வெட்டி ஒட்டி ஆராய்வது என் வேலை.

ஓட்டை

சங்கத்துக்கு ஒரே ஒரு பேப்பர்தான் கட்டுப்படியானது. மற்றதெல்லாம் மணி டீக்கடை தயவு. எல்லோரும் படித்து முடித்த பிறகு, சாயங்காலம்தான் வெட்ட வேண்டும் என்று ஒப்பந்தம். ஒருநாள் அவசரத்தில் காலையிலேயே கத்தரித்துவிட்டேன். பின்பக்கம் கிரிக்கெட் ஸ்கோர் இருந்ததை நான் கவனிக்கவில்லை. கடையே என்னை முறைத்தது.

மணி சொன்னார்: “இன்னாக்கா நீ, பேப்பர் படிக்கிறவன்லாம் ஓட்டை வழியா என் மூஞ்சியத்தான் பாத்துக்கினு கீறான்!”

ஒரே வரி

நாலு மாதத்தில் ஒரு நோட்டு நிறைந்தது. எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும், “கவனக்குறைவாகச் சாலையைக் கடக்க முயன்றபோது” என்ற அதே வரி. லாரியின் வேகம், இருட்டு, எதுவும் செய்தியில் இல்லை. நடந்து போனவர் மட்டுமே குற்றவாளி.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்திருந்த பேச்சி அந்த நோட்டை வாங்கிப் பார்த்தாள். அவளுடைய ரூம் தோழி இதே நெடுஞ்சாலையில் அடிபட்டு, காலில் பிளேட் வைத்துப் படுத்திருந்தாள். அவளைப் பற்றியும் நோட்டில் மூன்று வரி இருந்தது. எனக்குப் பேச்சியின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

“கடக்க முயலாம, அவ நடுரோட்டுலயே குடித்தனம் நடத்தவாக்கா முடியும்?” என்றாள்.

நிருபர்

சண்டை போடும் உத்தேசத்துடன் உள்ளூர் நிருபரிடம் நோட்டைக் கொண்டுபோனேன். பாதிச் செய்திகள் அவர் எழுதியவை. மனிதர் பூரித்துவிட்டார். “என் பொண்டாட்டிகூட இப்படிச் சேத்து வச்சதில்ல, மேடம்!” போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பதை அப்படியே போடுவாராம். என் கோபம் போய்விட்டது. ஷிப்ட் விடும் நேரத்தில் மணி கடையில் டீ வாங்கித் தருகிறேன் என்று கூப்பிட்டேன்.

கடை பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ப்பக்கம் என்பதைச் சொல்லவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்களோடு அவரும் நின்றார். ஒரு காலை வைப்பார், லாரி வரும், காலை எடுப்பார். இருபது நிமிடம் இப்படியே போயிற்று. பேச்சி பாவப்பட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் அசையவில்லை.

“வேணாம்மா, டீய இந்தப் பக்கம் அனுப்பச் சொல்லு” என்றார்.

ஆதாரம்

மறுநாள் செய்தியில் முதல்முறையாக “விளக்கு இல்லை”, “அசுர வேகம்” என்ற சொற்கள் வந்தன. அதையும் நோட்டையும் நெடுஞ்சாலைத் துறை அதிகாரியிடம் கொண்டுபோனேன். விளக்கு கேட்டு நாங்கள் கொடுத்த பழைய மனுக்கள் அவர் மேஜையிலேயே தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டுச் செய்தியை இரண்டு முறை படித்தார்.

“பேப்பர்லயே வந்துடுச்சா, அப்ப நிஜமாத்தாம்மா இருக்கும்” என்றார்.

வெறும் பேப்பர்

விளக்கு வந்தது, வண்டிகளை மெதுவாக்க இரும்புத் தடுப்புகளும் வந்தன. ஒரு சாயங்காலம் பேச்சியும், ஊன்றுகோலோடு அவள் தோழியும் நிதானமாக ரோட்டைக் கடந்து மணி கடைக்கு வந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேச்சி, ஓட்டையில்லாத பேப்பரைப் பிரித்துக் கடைசிப் பக்கம் வரை தேடினாள்.

“ரெண்டு மாசமா நம்ம ஸ்டாப் பேப்பர்ல வரவே இல்லையேக்கா, உங்க வேலை போயிருமோ?”

கத்தரிக்கோல் துருப்பிடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே அதைத் தினமும் துடைத்து வைப்பதுதான் எங்கள் பிழைப்பு.