மாடம்மாளின் இடது கால்

மாடம்மாளுக்குப் புத்தி மழுங்கிவிட்டது என்று யாராவது சொன்னால் ஆரியசாலையே சிரிக்கும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே மலையாளச் சீமைக்கு வந்தவள். மண்டியில் வற்றல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளி மகனை வளர்த்தவள். எழுபது தாண்டியும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நடந்தேதான் போவாள். ஆட்டோ பிடிக்கலாம் என்று சொன்னால் என்னைத் திட்டுவாள். நான் பக்கத்து வீட்டுக் கௌசல்யா. அவளிடம் திட்டு வாங்குவது எனக்குப் பழகிப்போன விஷயம்.

சர்க்கரை வியாதியில் அவளுடைய இடது கால் கறுத்துப்போனது. முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மாடம்மாள் ஒரேயடியாக மறுத்தாள். வாதத்தில் விழுந்த புருஷனுக்குக் கடைசிவரை எல்லாம் செய்தவள் அவள்.

"இன்னொருத்தர் தூக்கிவிட்டு நான் கக்கூசுக்குப் போவணுமா? வேண்டாம் தாயி. இருக்கிற மட்டும் இருக்கேன்" என்றாள்.

அவளுக்கு விவரம் புரிகிறதா என்று சோதிக்க இளம் டாக்டர் ரெம்யா வந்தபோது நான் கேன்டீனில் இருந்தேன். திரும்பி வந்தால் மாடம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

"அந்த டாக்டர் பிள்ளை அவுக பேரைக் கேக்குது, கௌசி. நான் எப்படிச் சொல்லுவேன்? மாட்டேன்னு தலையை ஆட்டிட்டு மகேசைக் கையைக் காட்டிட்டேன்."

புருஷன் பெயரை அவள் வாயால் சொன்னதே கிடையாது. ரேஷன் கடையானாலும் பேங்க் ஆனாலும் மகன் மகேஷ்குமார்தான் சொல்வான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து, அம்மாவுக்கு விவரம் புரியவில்லையாம், அதனால் மகன் கையெழுத்துப் போட்டாயிற்று, நாளைக் காலையில் ஆபரேஷன் என்றாள்.

வராந்தாவில் மகேஷைப் பிடித்தேன். "டாக்டரிட்ட என்னல சொன்னே?"

"அம்மைக்கு அப்பா பேரு ஓர்மையில்லையான்னு கேட்டாங்க அக்கா. நான் ஒண்ணும் பறையல."

"ஏன் பறையல? எல்லா இடத்திலயும் அந்தப் பேரைச் சொல்லுதவன் நீதானே?"

"அம்மை பிழைக்கணும் அக்கா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அவன் கண் கலங்கியிருந்தது. ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. அவளை விட்டால் அவனுக்கு யாருமில்லை. ஆனாலும் வெட்டப்போவது அவள் காலை அல்லவா? நேரே போய் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மாடம்மாள் டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள். ரெம்யா வந்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"வன்னியபெருமாள்" என்றாள்.

சொன்ன கையோடு அழுதுவிட்டாள். நானும்தான் அழுதேன். ஒன்றும் புரியாமல் நின்ற ரெம்யாவுக்கு எங்கள் வழக்கத்தை நான் எடுத்துச் சொன்னேன்.

"க்ஷமிக்கணும் அம்மே, எனக்கு மனசிலாயில்ல" என்று, புரியாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டபடி அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதலிலிருந்து எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டாள். காலை எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன என்று மாடம்மாள் தெளிவாகத் திருப்பிச் சொன்னாள். செத்துப்போவேன் என்பதைக்கூட விடவில்லை. ஆபரேஷனை நிறுத்தி வைத்தார்கள்.

மகேஷ் கட்டிலோரம் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ போனா எனக்கு ஆரும்மா இருக்கா? எனக்காகச் சம்மதிம்மா. நான் உன்னைப் பொன்னுபோல பாத்துக்கிடுதேன்."

அவள் அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். கையை எடுக்கவே இல்லை.

"இதை முதல்லயே எங்கிட்ட கேட்டிருந்தா, உனக்காகச் சரின்னு சொல்லியிருப்பேம்ல. நீ எங்கிட்ட கேக்கலையே. எனக்குப் புத்தியில்லைன்னு அந்தப் பிள்ளை நினைச்சப்ப பக்கத்துல சும்மா நின்னியே. இனி நீ பாத்துக்கிடுவேன்னு சொல்லுதத நான் எப்படி மக்கா நம்புவேன்?"