எருக்குழி குடித்த விஸ்கி

இன்று மாரண்டஹள்ளியில் பெரியப்பா மகன் அந்தோணி அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன்.

பழைய விஸ்கி பாட்டில்களைச் சேகரிக்கும் ஒருவர் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். அண்ணன் எடுத்துக் கொடுத்த பெரியப்பாவின் பாட்டிலைக் கைக்குழந்தை போல ஏந்திக்கொண்டிருந்தார்.

"முப்பது வருஷம் பீப்பாயில ஊறின சிங்கிள் மால்ட்டுங்க. சீல்கூட உடையல. இன்னொண்ணு கெடைக்கவே கெடைக்காதுங்க."

இன்னொன்று எங்கள் வீட்டில் இருந்தது.

அறுபதுகளில் அப்பாவும் பெரியப்பாவும் ஒரு வெள்ளைக்கார துரையின் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தார்கள். துரை சீமைக்குக் கிளம்பும்போது ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தார்.

மதுவிலக்குக் காலம். போலீஸுக்குப் பயந்து அப்பா அன்றைக்கே அதை எருக்குழியில் கொட்டிவிட்டார். லேபிளைச் சுரண்டி, பாட்டிலைச் சீயக்காய் போட்டுக் கழுவினார். அம்மா அதில் மணி பிளான்ட் வைத்தார்.

"பெரியப்பா மட்டும் ஏண்ணா கொட்டல?"

அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "துரை சும்மா குடுப்பாரா, பத்திரமா வெச்சிருக்கத்தான் குடுத்திருக்காருன்னு நெனச்சுட்டாருடா. திரும்பி வந்து கேப்பாருன்னு கிறிஸ்துமஸ் குடில் பெட்டியில, வைக்கோலுக்கு அடியில வெச்சுட்டாரு. சாகற வரைக்கும் யாரையும் தொட உடல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெங்களூர்க்காரர் என் பக்கம் திரும்பினார். "உங்க வூட்லயும் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. தெனமும் தண்ணி ஊத்திக்கிட்டுத்தான் இருக்கறோம்."

உங்கள் வீட்டு மணி பிளான்ட் எந்த பாட்டிலில் வளர்கிறது? எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். வயிறெரிய எனக்குத் துணைக்கு ஆள் வேண்டும்.