நேசபாய் அக்காவின் சிவப்புப் பை

"கம்பை விடாத மக்கா! விட்டா மெட்ராஸ்ல தொலைஞ்சி போவ!"

எழும்பூர் நிலையக் கூட்டத்தில், பிள்ளைகளைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்துகொண்டே கத்தினார் நேசபாய் அக்கா. ஒவ்வொரு பிள்ளையும் தன் களியல் ஆட்டக் கம்பின் ஒரு நுனியைப் பிடித்திருக்க, மறுநுனி அடுத்த பிள்ளையின் கையில். இப்படியொரு சங்கிலியை அங்கே யாரும் பார்த்ததில்லை போலும். "எந்தக் கட்சிம்மா?" என்று கேட்டார் ஒரு காவலர்.

"சண்டே ஸ்கூல், சாரே" என்றார் அக்கா, நடையை நிறுத்தாமல்.

அருமனைச் சந்தைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருப்பவர். எங்கள் சபைப் பிள்ளைகள் களியல் ஆடப் போகும் ஊருக்கெல்லாம் துணைக்குப் போவது இவர்தான். இந்தமுறை சென்னையில் ஒரு கலைவிழா; என் மகளும் குழுவில் இருப்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன். அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை அக்கா என்பேன். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை. பிள்ளைகளோடு சேர்த்து என்னையும் மேய்த்தார். "அண்ணே, போனைப் பாத்துட்டு நிக்காதீங்க, பாத்ரூம் போயிட்டு வாங்க." நாற்பத்தெட்டு வயதில் எனக்கு இந்தக் கதி. போனேன்.

தோளில் எப்போதும் ஒரு சிவப்புப் பை. கணவர் செல்வதாஸ் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்தது. ஜிப் என்றோ போய்விட்டது. வரிசையாக ஊக்கு குத்தி மூடியிருப்பார். உள்ளே ஊசி நூல், தைலம், வாந்திக்கு எலுமிச்சம்பழம், ஏத்தங்காய் சிப்ஸ், பிளாஸ்கில் குடிக்கச் சுக்கு வெள்ளம். ரயிலில் அதைத் தோளில் மாட்டியபடியே தூங்கினார். காலையில் சென்னை டீயைக் குடித்துப் பார்த்து, "இதுவா சாயா? வெறும் சீனி வெள்ளம்!" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இன்னொன்று வாங்கிக் குடித்தார்.

அக்காவின் மகள் ஜெப்சிக்கு அந்தப் பையைக் கண்டாலே ஆகாது. எட்டாம் வகுப்பு. ஆட்ட வட்டத்தை முன்நின்று நடத்தும் பொறுப்பு இந்தமுறைதான் அவளுக்கு வந்திருந்தது. அவள் அடி தப்பினால் அத்தனை பேரும் தப்புவார்கள். அந்தப் பயத்தில் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. புறப்படும்போதே சொல்லிவிட்டாள்: "அம்மா வரலாம். ஆனா ஹால்ல அந்தப் பையோட முன்னாடி வந்து நிக்கப்பிடாது. எல்லாரும் சிரிப்பாவ."

"நான் கடைசி வரிசையில இருக்கியேன். போதுமாட்டி?" என்றார் அக்கா. முகம் வாடித்தான் போயிற்று. மறைக்கத் தெரியாத மனுஷி.

விழா அரங்கில் சொன்னபடி கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். எங்களுக்கு முன் ஒரே ஒரு குழு பாக்கி இருந்தபோது பிள்ளைகளுக்குக் களியல் சொல்லிக்கொடுக்கும் முத்துநாயகம் ஆசான் வியர்க்க வியர்க்க ஓடிவந்தார்.

"நேசபாயே, விளக்கு உனக்க பையிலதானே?"

"எனக்க பையிலயா? ஆசான் கையிலன்னுல்லா நெனச்சேன்!"

நடுவில் குத்துவிளக்கை வைத்து, அதைச் சுற்றி ஆடுவதுதான் களியல். கண் விளக்கில் இருந்தால்தான் பிள்ளைகளின் கால் வட்டத்தில் நிற்கும். அந்த விளக்கு நாங்கள் தங்கியிருந்த விடுதியிலேயே நின்றுவிட்டது. அரங்கத்து விளக்கோ ஆளுயரம், அசைக்க முடியாது. "கர்த்தாவே, பிள்ளையள கெடுத்துப்போட்டேனே" என்று அக்கா தலையில் கைவைத்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

சலங்கை குலுங்க ஜெப்சி ஓடிவந்தாள். அம்மாவைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள்.

"அம்மா, அதைத் தாங்க."

"எதைட்டி?"

"பையை. நடுவில வைக்கியேன். எங்க நின்னு பாத்தாலும் தெரியும்லா?"

அக்கா பையைக் கழற்றினார். திறந்திருந்த ஊக்கு ஒன்றை மூடிவிட்டுக் கொடுத்தார்.

மேடை நடுவில் சிவப்புப் பை. கூட்டம் சிரிக்கத்தான் செய்தது. ஜெப்சி சட்டை செய்யவில்லை. பையில் கண் வைத்து முதல் அடி எடுத்தாள்; கம்புகள் ஒரே சத்தமாக மோதின. வட்டம் விரிந்தது, சுருங்கியது, எதிர்ப்பக்கம் திரும்பியது. ஒரு கம்புகூடப் பிசகவில்லை. சிரித்தவர்களே கைதட்டினார்கள்.

கடைசி வரிசையில் அக்காவின் வலது கை, பழக்கத்தில், பையின் வாரைப் பிடிக்கத் தோளுக்குப் போயிற்று. வார் இல்லை. கை திரும்பி வரவில்லை. அந்த வெறும் தோளிலேயே மெல்லத் தாளம் போட ஆரம்பித்தது.