மாமனாரின் மிருகங்கள்

கால்நடை மருத்துவமனைக் குமாஸ்தாவுக்குக் காலியாகக் கிடக்கும் எதைக் கண்டாலும் ஆகாது. காலி பெஞ்சை மூலைக்குத் தள்ளுவார், காலி பாட்டிலைத் தூக்கி எறிவார். ஒரு நாள், மனைவி ஆசையாய்ச் சேர்த்துவைத்த காலி டப்பாக்களை மொத்தமாகக் குப்பையில் கொட்டினார். அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். காலி வீட்டில் மனிதர் தவித்துப்போனார். எப்படியாவது அவளை அழைத்து வந்துவிட வேண்டும். மாமனாரோ போனையே எடுப்பதில்லை.

மருத்துவமனைப் பதிவெல்லாம் ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் இருந்தது. முதலில் உரிமையாளர் பெயர், அதன் கீழே வரிக்கொன்றாய் அவருடைய மிருகங்கள், பிறகு ஒரு காலி வரி, அப்புறம் அடுத்த உரிமையாளர். தடுப்பூசி முகாமுக்காக இதை அட்டவணையாக்க டாக்டர் ஸ்கிரிப்ட் என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றை எழுதியிருந்தார். காலி வரி வந்தால்தான் உரிமையாளர் மாறியது அதற்குத் தெரியும். நம் ஆள் சும்மா இருப்பாரா? ஸ்கிரிப்டை ஓட்டுவதற்கு முன் ஃபைலைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று காலி வரி அத்தனையையும் அழித்துவிட்டார்.

ஃபைலில் முதல் பெயர் மாமனாருடையது. அவரிடம் இருந்தது ஒரே ஒரு கிளி. அட்டவணையில் ஊரிலுள்ள ஆடு, மாடு, நாய் எல்லாம் அவருக்குச் சொந்தமாகிவிட்டன. மற்ற உரிமையாளர்களும் அவருடைய மிருகங்களாகவே வரிசையில் இறங்கியிருந்தார்கள்.

முகாமன்று ஊசி போட்ட மிருகங்களைக் கொட்டகையில் அடைத்தார்கள். வாசல் காவலர் அச்சடித்த அட்டவணையைத் தவிர வேறு எதையும் நம்பாதவர்.

"அந்த எருமை என்னோடதுப்பா!" என்று கத்தினார் தலைமையாசிரியர்.

"சார், இதுல நீங்களே ஒரு மிருகம். உங்களுக்கே ஓனர் வந்து கையெழுத்து போடணும்."

ஆள் அனுப்பி மாமனாரை வரவழைத்தார்கள். துணைக்கு மகளும் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. "தலைமையாசிரியரைப் பாத்துக் குத்துங்க, ஊசின்னா பயப்படுவாரு" என்றார். பிறகு முதல்முறையாக மருமகன் பக்கம் திரும்பினார். "மாப்ள, இத்தனையையும் நான் எங்க கொண்டுபோய்க் கட்டுறது?"

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "யாரு வீடுன்னு அதுங்களுக்குத் தெரியும். கதவைத் திறங்க!"

திறந்தார்கள். நாய்கள் பாய்ந்தன. எருமை நேரே தலைமையாசிரியரிடம் போய் முகத்தை நக்கியது. குமாஸ்தா யார் எதனோடு போகிறார் என்று பார்த்துப் பார்த்து, குடும்பத்துக்கு ஒரு காலி வரி விட்டு, ஃபைலை மறுபடி டைப் அடித்தார். கூட்டம் கரைந்தது. நிமிர்ந்தால் எதிரே மனைவி.

"என்ன முழிக்கிறீங்க? மேல என் பேரைப் போடுங்க."

போட்டார்.

"கீழ உங்க பேரு. ஒரே ஒரு மிருகம்தான்."

அதையும் அடித்தார். கண்ணீரில் எழுத்தே தெரியவில்லை.

"சரி, நடங்க. வீட்டுக்குப் போலாம்."