திருஷ்டிப் பூசணியும் இரு கொள்கைகளும்

எங்கள் வீட்டில் கடவுள் கிடையாது. பக்கத்து வீட்டில் தேவைக்கு மேல் உண்டு. எங்கள் வீட்டில் என் கணவர் வைத்ததுதான் சட்டம், அவர் நாத்திகர். பக்கத்து வீடு என் சொந்த அண்ணனுடையது. நெய்வேலி நகரியத்தில் குவார்ட்டர்ஸ் ஒதுக்கும்போது யாருக்கு என்ன கொள்கை என்றெல்லாம் பார்ப்பதில்லை, சர்வீஸைத்தான் பார்ப்பார்கள். அப்படித்தான் இரண்டு பேருக்கும் ஒட்டினாற்போல் வீடு அமைந்தது. நடுவில் இடுப்பளவு மதில். அந்த மதிலின் இரு பக்கமும் நின்றுகொண்டுதான், மனிதன் கெட்டுப்போனதற்கு மதம் காரணமா, மதம் இல்லாதது காரணமா என்று இருவரும் வருடக்கணக்காக விசாரித்து வருகிறார்கள்.

"சாமி பேரச் சொல்லித்தான் மச்சான் ஊர் ஊரா வெட்டிக்கறானுங்க. சாமியே இல்லன்னா சண்டைக்கு என்ன வேலை?" என்பார் இவர்.

"சாமி இல்லன்னு சொல்லிகினு ஆட்சி பண்ணவனுங்க மட்டும் மாலையா போட்டானுங்க மாப்ள? கொன்னு குவிச்சானுங்க. பயம் விட்டுப்போச்சுன்னா மனுசன் எதுக்கும் துணிவான்" என்பார் அவர்.

இருவருக்கும் ஒரே சுரங்கம், ஒரே ஷிப்ட். ஷிப்ட் பஸ்ஸில் விட்ட இடத்தை மதிலருகே பிடிப்பார்கள், மதிலருகே விட்டதை மறுநாள் பஸ்ஸில். நான் முன் அறையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள். பிள்ளைகள் தொகையிடல் போடும்போது, ஜன்னல் வழியே உலகத்தின் ரத்தமெல்லாம் அறைக்குள் வந்து கொட்டும்.

கணக்கு டீச்சர் என்பதால் எனக்கு ஒரு பழக்கம். சமன்பாட்டின் இரண்டு பக்கமும் ஒரே உறுப்பு இருந்தால் அதை அடித்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்பேன். இந்த இரண்டு ஆண்களையும் அப்படி அடித்துப் பார்த்தால் மிச்சம் ஒன்றும் தேறாது. தெருக் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு மோட்டார் ஓடும். அதை வைக்கக் கூடாது. வைத்தால் தெருக்கோடி வீடுகளுக்குத் தண்ணீர் ஏறாது. மோட்டாரை வாங்கியது பக்தர், இணைப்புக் கொடுத்தது பகுத்தறிவாளர். அது ஓடும் நேரத்தில் மட்டும் மதிலருகே விவாதம் இருக்காது, யாராவது வருகிறார்களா என்று இருவரும் ஆளுக்கொரு பக்கம் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த மதில்மேல் ஒரு டம்ளரும் இருந்தது. எங்கள் தெருவைக் கூட்ட ஒரு பெண்மணி வருவார். சுரங்கத்துக்கு அப்பால் உள்ள கிராமத்திலிருந்து சைக்கிளில் வருகிற காண்ட்ராக்ட் தொழிலாளி. அவர் தண்ணீர் குடிக்கத்தான் அந்தத் தனி டம்ளர். அண்ணன் அதை ஆசாரம் என்றார். என் கணவர் ஹைஜீன் என்றார். "எல்லா வீட்டுக் குப்பையும் தொடுற கை, இன்பெக்‌ஷன் வந்துடும். இதுல சாதி கீதி ஒண்ணும் இல்ல" என்று விளக்கம் வேறு. நான் அதை எடுத்து உள்ளே வைப்பேன். மறுநாள் காலை அது மறுபடி மதில்மேல் இருக்கும். யார் வைத்தது என்று கேட்டால் இரண்டு பேரும் வானத்தைப் பார்ப்பார்கள். கடவுளை நம்பாதவர் எதற்காக மேலே பார்த்தார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சென்ற ஆண்டு ஆயுத பூஜைக்கு முன்புதான் அண்ணன் ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். அந்தக் காருக்கு நடந்த பூஜையைப் பார்த்திருந்தால் புதுக் கார்கள் பொறாமைப்பட்டிருக்கும். வாழைக்கன்று, சந்தனம், மாலை, சூடம். என் கணவர் பூஜையை மறுப்பவர். ஆனாலும் அன்றைக்கே தன் பைக்கைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். தண்ணீர் வந்தது, கழுவினேன் என்றார். சாமிக்குப் படைத்த பொரி அவருக்கு ஆகாது. அதனால் அண்ணி அதே மூட்டையிலிருந்து படைக்காத பொரியைத் தனியாக அள்ளிக் கொடுத்தார். கடலையும் நாட்டுச்சர்க்கரையும் தூக்கலாகப் போட்டு மதச்சார்பற்ற பொரியை ஒரு படி தின்றார்.

சாயங்காலம் அண்ணன் குழந்தை கனத்துக்கு ஒரு வெண்பூசணியைத் தூக்கிவந்து, காருக்கு மூன்று சுற்றுச் சுற்றி, நட்ட நடு ரோட்டில் ஓங்கிப் போட்டு உடைத்தார். ரோட்டில் உடைக்கக் கூடாது என்று நகரியத்தில் ஒவ்வொரு வருடமும் சொல்வார்கள். ஒவ்வொரு வருடமும் எல்லோரும் உடைப்பார்கள். நான் அப்போது கையில் பையோடு கிளம்பி நின்றேன். பண்ருட்டியில் என் சித்தப்பா மகளுக்கு உடம்பு சரியில்லை, போய் ஒரு ராத்திரி இருந்துவிட்டு வர வேண்டும்.

"அண்ணே, அத ஓரமா தள்ளிடுங்க. மழ வர்ற மாதிரி இருக்கு, வழுக்கும்" என்றேன்.

"கண்ணு கழிச்சத உடைச்சவன் தொடக் கூடாதும்மா. தொட்டா அவ்ளோ கண்ணும் திரும்ப நம்ம மேலயே வந்து உக்காந்துக்கும்."

என் கணவரிடம் திரும்பினேன். அவருக்குத்தான் கண்ணும் கிடையாது, காதும் கிடையாதே.

"நீங்களாச்சும் தள்ளுங்களேன்."

"நான் எதுக்குத் தள்ளணும்? கெடக்கட்டும். மூடநம்பிக்கையோட லட்சணத்த நாலு பேரு பாக்கட்டும்."

சொன்னதோடு நிற்கவில்லை. பூசணியைச் சுற்றிச் சுற்றி நின்று செல்போனில் படம் பிடித்தார். பஸ் ஸ்டாண்டுக்கு நான் போய்ச் சேர்வதற்குள் அவருடைய நண்பர்கள் குழுவில் அந்தப் படம் ஏறிவிட்டது. "நடுத்தெருவில் மதம்" என்று தலைப்பு. நிறைய பேர் கை தட்டியிருந்தார்கள். பஸ்ஸில் அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மறுநாள் விஜயதசமி. முதல் பஸ் பிடித்து வந்து இறங்கி, எங்கள் தெருவுக்குள் திரும்பினேன். ராத்திரி தூறியிருந்தது. பூசணி கூழாகி, குங்குமத்தோடு ரோடு முழுக்கப் பரவிக் கிடந்தது. பிளாக் ஆபீஸில் வருகையைப் பதிந்துவிட்டு, கேரியரில் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு அந்த அம்மா எனக்கு முன்னால் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். அண்ணன் அவர் கேட்டில் நெற்றி நிறைய விபூதியோடு நின்றார். என் கணவர் இந்தக் கேட்டில் பேப்பரோடு நின்றார். நான் "ஏம்மா, பாத்து" என்று கத்துவதற்குள் சைக்கிள் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் போய் விழுந்தாயிற்று. வலது கையை ஊன்றி விழுந்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

ஓடிப்போய்த் தலையை மடியில் எடுத்துக்கொண்டேன். ஆண்கள் இருவரும் ஓடித்தான் வந்தார்கள், அதை மறுக்க மாட்டேன். வந்து அந்த அம்மாவுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்றார்கள்.

"பாத்தீங்களா மச்சான், உங்க பக்தி பண்ண வேலைய!"

"நேத்துலருந்து பாத்துகினே இருந்தவரு நீங்கதான மாப்ள? ஓரமா தள்ளியிருந்தா உங்க பகுத்தறிவு தேஞ்சிருக்குமா?"

"சாமி பாத்துகினுதான இருந்துச்சு?"

"நீங்களுந்தான் பாத்துகினு இருந்தீங்க!"

"ரெண்டு பேரும் வாய மூடுங்க!" என்று நான் போட்ட கூச்சலில் தெருவில் நாலு கதவு திறந்தது. "அண்ணே, கார எடுங்க."

அண்ணன் காரைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். "பத்து மணிக்கு மேலதாம்மா எடுக்கணும்னு ஐயரு சொல்லியிருக்காரு. மொத ஓட்டமே ஆஸ்பத்திரிக்குன்னா..."

என் கணவர் உடனே விஞ்ஞானத்துக்குப் போனார். "அடிபட்டவங்கள நாம அசைக்கக் கூடாது. ஆம்புலன்ஸ்தான் வரணும். அதான் முறை." ஆம்புலன்சுக்குப் போன் செய்தாரா என்றால், அதுவும் இல்லை.

அந்த வழியாக வந்த ஓர் ஆட்டோவை மறித்து நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். ஆட்டோவில் அந்த அம்மா கை வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"சூப்பர்வைசரு ஆள மாத்திடுவாருங்கம்மா. ஒருதபா பேர எடுத்துட்டா திரும்ப ஏத்த மாட்டாருங்க. வூட்ல நான் ஒருத்திதான் வேலைக்கிப் போயிகினு இருக்கறேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அவர் பயந்தபடியேதான் ஆயிற்று. மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்ட மறுநாளே காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர், அந்த அம்மா தன் வீட்டு வாசலில் விழுந்ததாகத் தகவல் என்று சொல்லிவிட்டார். வேலை நேரத்தில் விழுந்திருந்தால் குணமாகும்வரை இடத்தை வைத்திருக்க வேண்டும். வீட்டில் விழுந்தால் வேறு ஆள். நான் நேரில் போய், என் கண்ணால் பார்த்தேன் என்றேன். சூப்பர்வைசர் சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினான்.

"நீங்க சொல்றது சரிங்க மேடம். ஆனா அந்தத் தெருவுல பர்மனென்ட் ஆளுங்க யாராச்சும் வந்து சொன்னாத்தான் எங்க மொதலாளி ஏத்துக்குவாரு."

நகரியத்தில் பர்மனென்ட் ஆளின் சொல்லுக்கு ஒரு தனி எடை. நல்லவேளை, எனக்கு அண்ணனும் கணவனுமாக இரண்டு பர்மனென்ட் இருக்கிறார்கள் என்று நம்பி வீட்டுக்கு வந்தேன்.

அண்ணன் சொன்னார்: "நான் அந்நேரம் பூஜை ரூம்ல இருந்தேம்மா."

கணவர் சொன்னார்: "நான் பேப்பர்ல மூழ்கியிருந்தேன். சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். பாக்காதத பாத்தேன்னு சொல்றது நேர்மை இல்ல."

ஒருவர், உடைத்தது நீதானே என்று கேட்டுவிடுவார்களோ என்று பயந்தார். மற்றவர், முதல் நாளே பார்த்தாயே, என்ன செய்தாய் என்று கேட்டுவிடுவார்களோ என்று பயந்தார். குழுவிலிருந்து அந்தப் படத்தை அழித்தும் விட்டிருந்தார். இருவருக்கும் ரிட்டயர்மென்ட் நெருங்குகிறது, விசாரணை கிசாரணை என்று எதிலும் மாட்டக் கூடாது. இத்தனை வருடத்தில் இவர்கள் ஒரே கருத்துக்கு வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அண்ணனிடம், கும்பிடுகிற சாமி கேட்காதா என்றேன். சாமி அந்தம்மாவைப் பார்த்துக்கொள்ளும் என்றார். கணவரிடம், மனிதாபிமானம்தான் உங்கள் மதம் என்பீர்களே என்றேன். இது தனி மனிதப் பிரச்சினை அல்ல, காண்ட்ராக்ட் முறையே ஒழிய வேண்டும் என்றார். அது ஒழிகிறவரைக்கும் அந்த அம்மா என்ன செய்வது என்று கேட்டதும் பேப்பரை விரித்துக்கொண்டார்.

சரி என்று பிள்ளைகளின் பரீட்சைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, திருத்தியபடியே சொன்னேன்: "நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் போயி சொல்றீங்க. இல்லன்னா நான் தண்ணி ஆபீசுக்குப் போயி, மோட்டார் எங்க இருக்குது, யார் வாங்குனது, யார் கனெக்‌ஷன் குடுத்தது எல்லாத்தையும் சொல்லிடுவேன்."

மறுநாள் காலை, கழுவி வைத்திருந்த பைக்கில் பகுத்தறிவு முன்னால் உட்கார்ந்து ஓட்ட, பக்தி பின்னால் உட்கார்ந்து போயிற்று. போய், எவனோ உடைத்துப் போட்ட பூசணியில் அந்த அம்மா எங்கள் கண்முன்னால், டூட்டி நேரத்தில் வழுக்கி விழுந்தார் என்று இருவரும் சொன்னார்கள். எவனோ. அதற்குமேல் என்னால் அவர்களைத் திருத்த முடியவில்லை. இடம் நின்றது, அது போதும் என்று விட்டுவிட்டேன். மனிதனைத் தப்புச் செய்யாமல் தடுப்பது சாமி பயமா பகுத்தறிவா என்று யாராவது கேட்டால், எங்கள் தெருவைப் பொறுத்தவரை மோட்டார்தான் என்பேன்.

கட்டுப் பிரித்து அந்த அம்மா வேலைக்குத் திரும்பியபோது மணிக்கட்டு ஒரு பக்கமாகக் கோணி நின்றது. துடைப்பத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். மதில்மேல் இருந்த டம்ளரை அன்றைக்கு நான் குப்பை வண்டியிலேயே போட்டேன். எங்கள் வீட்டு டம்ளரில் டீ கொடுத்தேன், இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தார்கள். ஆனால் அன்று மாலையே மதிலருகே புது விவாதம் ஆரம்பமாகிவிட்டது. வேலை போகாமல் காப்பாற்றியது ஆண்டவன் என்று ஒருவர், மனித முயற்சி என்று மற்றவர்.

இந்த வருடம் ஆயுத பூஜைக்கு அண்ணனை ரோட்டுப் பக்கமே நான் விடவில்லை. தன் தோட்டத்துப் பலா மரத்தடியில் நாடு கடத்தப்பட்டவர் முகத்தோடு பூசணியை உடைத்தார். கொள்கைக்கு வெற்றி என்று என் கணவர் அதையும் படம் பிடித்தார். மறுநாள் விடிந்ததும் நானே ரோட்டை ஒரு முறை பெருக்கிவிட்டு வாசலில் நின்றேன். ஈரம்கூட இல்லை.

அந்த அம்மா தெரு முனையில் சைக்கிளை விட்டு இறங்கினார். வேலைக்குத் திரும்பியதிலிருந்து தினமும் அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வருகிறார். கை வலியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"ரோடு சுத்தமாத்தாம்மா இருக்கு. ஏறியே வா" என்றேன்.

"இருக்கட்டுங்கம்மா" என்று சிரித்தார். "அடுத்த தெருவுல ஏறிக்கறேன். இந்த ரெண்டு வூட்ட மட்டும் எறங்கியே தாண்டிடறேங்க."

மதிலருகே இருந்த இருவருக்கும் அது காதில் விழவில்லை. உலகத்தில் இத்தனை அநியாயம் நடப்பதற்கு யார் காரணம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.